வீட்டுக்குத் தெரியும், வீடு ஏன் பேசவில்லை?

ஒரு பையன் கையில் கல்லை எடுப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அவன் வீட்டுக்கு அது தெரிந்துவிடுகிறது. போலீசுக்குத் தெரிவதில்லை. கட்சிக்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் தெரிவதில்லை. பெற்றவளுக்குத் தெரிகிறது, கூடப் பிறந்தவளுக்குத் தெரிகிறது. ஆனால் அவர்கள் வாய் திறப்பதில்லை. ஏன் திறப்பதில்லை என்பதைத்தான் இந்த இதழில் நாம் பேசவேண்டியிருக்கிறது. அதற்கு முன் நம் சங்கம் செய்த தவறு ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு நோன்பு மாதத்து மாலை. நாங்கள் நாலைந்து பேர் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து அம்பேத்கர் பிறந்த நாள் விழாவுக்கான நன்கொடை ரசீதுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் ஓர் அம்மா வாசலில் வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இருபது ஆண்டுகளாக நமக்குத் தெரிந்த குடும்பம். உள்ளே வரச் சொன்னோம். வரவில்லை. நின்றபடியே சொன்னார்:

"அண்ணாச்சி, எம் மவன் போக்கே சரியில்ல. கீழ்வீட்டு அக்கா நோன்புக் கஞ்சி குடுத்து விட்டாவ. வருசா வருசம் குடுக்கதுதான். இவன் அதத் தூக்கிட்டுப் போயி குழாயடியில கொட்டிட்டான். கேட்டா, 'இனிமே அந்த வீட்டுச் சோறு இங்க வரக்கூடாது'ங்கான். ராத்திரி ரெண்டு மணிக்கு வாரான். கையில புதுப் போனு. ஆரு குடுத்தான்னு சொல்ல மாட்டேங்கான். நீங்க ஒரு வார்த்த கூப்பிட்டுக் கேளுங்க."

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "வயசுக் கோளாறு அம்மா, ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்கள், சரியாகிவிடும்" என்றோம். ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டு மறுபடியும் ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டோம்.

ஆறு வாரம் கழித்து ஓர் ஊர்வலத்தில் கல்லெறி நடந்தது. எறிந்தவர்களில் அந்தப் பையனும் ஒருவன். அடிபட்டவர் நம் சந்து முனையில் முப்பது ஆண்டுகளாகத் தையல் மெஷின் போட்டிருக்கும் தமிழ் முஸ்லிம் பெரியவர். அந்தப் பையன் முதல் வகுப்புக்குப் போனபோது காக்கிக் கால்சட்டை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். அவருக்கு ஒரு கண் போயிற்று. பையன்மேல் வழக்கு. அவனுக்குப் போன் வாங்கிக் கொடுத்து, 'தம்பி, தம்பி' என்று தோளில் கைபோட்டு அழைத்துப்போன 'அண்ணன்' ஜாமீன் எடுக்கக்கூட வரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தத் தாய் மூன்று வீட்டுக் கூலியை இழந்துவிட்டுக் கோர்ட்டு வாசலில் போய் நிற்கிறார்.

அந்தத் தாய் பேசினார். நாம் கேட்கவில்லை. அந்தப் பெரியவரின் கண்ணுக்கு நம் சங்கமும் பொறுப்பு. இதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை.

ரயில்வேக்காரர்கள் பார்த்தது

தீவிரவாதம் என்றால் எங்கோ எல்லைப்புறத்தில் நடப்பது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. ரயில்வேயில் வேலை பார்க்கும் நம்மால் அப்படி எண்ண முடியாது. 2006ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி மாலை, வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில், மேற்கு ரயில்வே லோக்கல் வண்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்தன. 180 பேருக்கு மேல் மாண்டார்கள். 2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி இரவு, நாம் இன்றும் பழக்கத்தில் வி.டி. என்றே சொல்லும் சத்ரபதி சிவாஜி டெர்மினஸில் இரண்டு பேர் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். ஊருக்குப் போக மூட்டை முடிச்சோடு தரையில் உட்கார்ந்திருந்த ஏழைகள்தான் முதலில் விழுந்தார்கள். அந்த ஒரு நிலையத்தில் மட்டும் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த இரவில் அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே தன் அறையை விட்டு ஓடாமல், ஒலிபெருக்கியில் விடாது அறிவித்துப் பயணிகளை வெளியேறச் செய்தார். அவர் நம்மைப் போல் ஒரு சாதாரண ரயில்வே ஊழியர்.

சுட்ட இருவரில் உயிரோடு பிடிபட்டவன் அஜ்மல் கசாப். பிடிபடும்போது அவனுக்கு 21 வயது. பாகிஸ்தானின் பஞ்சாபில் ஃபரீத்கோட் என்ற கிராமத்து ஏழை வீட்டுப் பிள்ளை. அவனுடைய தகப்பன் தள்ளுவண்டியில் தின்பண்டம் விற்றவர். பெருநாளுக்குப் புதுத்துணி கேட்டுத் தகப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனதாக அவன் வாக்குமூலத்தில் சொன்னான் என்று பத்திரிகைகளில் வந்தது. பிறகு லாகூரில் கூலி வேலை. அதன்பின் லஷ்கர்-இ-தொய்பாவின் பயிற்சி முகாம். 2012 நவம்பர் 21ஆம் தேதி எரவாடா சிறையில் தூக்கிலிடப்பட்டான்.

இதைச் சொல்வது அவனுக்காக இரக்கப்பட அல்ல. மூட்டைமேல் தலை வைத்துப் படுத்திருந்த குழந்தைகளைச் சுட்டவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. புதுத்துணி கேட்டுச் சண்டை போடாத பிள்ளை எந்த ஏழை வீட்டில் இருக்கிறான்? தீபாவளிக்கும் பெருநாளுக்கும் கிறிஸ்துமசுக்கும் நம் சந்தில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். கோபித்துக்கொண்டு போனவனை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்பதே கேள்வி. மாமன் கண்டுபிடித்தால் வீட்டுக்குக் கூட்டி வருகிறான். வேறொருவன் கண்டுபிடித்தால் வேறோர் இடத்துக்குக் கூட்டிப் போகிறான்.

ஏழை வீடு மட்டுமா?

வறுமைதான் காரணம், வறுமை ஒழிந்தால் எல்லாம் ஒழியும் என்று முன்பெல்லாம் நாமும் மேடையில் பேசியிருக்கிறோம். அது பாதி உண்மை. 2014ஆம் ஆண்டு மே மாதம், நம் லோக்கல் வண்டி போகும் கல்யாணிலிருந்து நான்கு இளைஞர்கள் யாத்திரைக் குழு ஒன்றோடு ஈராக்குக்குப் போய், அங்கிருந்து ஐ.எஸ். இயக்கத்தில் சேர்ந்தார்கள். சோற்றுக்கு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அல்ல அவர்கள். பொறியியல் படித்தவர்களும் அதில் உண்டு.

நம் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்ப்போம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, அவனோடு படித்த பிள்ளைகளே இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் பதின்வயதுப் பிள்ளைகள். எந்த வெளிநாட்டு இயக்கமும் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. கையில் கட்டிய சாதிக் கயிறும் காதில் விழுந்த சாதிப் பேச்சுமே போதுமானவையாக இருந்தன. அதன்பின் தமிழக அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் சாதிக் கயிறு கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தக் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நெல்லையிலிருந்து வண்டியேறி வரும் பையன்களை இங்கே நம் சந்திலும் பார்க்கிறோம்.

ஆகவே இது ஒரு மதத்துக்கோ ஒரு சாதிக்கோ சொந்தமான நோய் இல்லை. 'நம் பிள்ளைகள் அப்படியெல்லாம் போகமாட்டார்கள்' என்று எந்த வீடும் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது.

மண்டல் கேட்கிற கேள்வி

என்றாலும் நம்மைப் போன்ற வெளியூர்த் தொழிலாளர் குடும்பத்துக்கு என்று தனியான ஒரு கஷ்டம் இருக்கிறது. அதை நாம்தான் சொல்லவேண்டும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. அதில் ஆறு பேர். அப்பாவுக்கு ஒரு வாரம் பகல் டூட்டி, ஒரு வாரம் ராத்திரி டூட்டி. அவர் பகலில் தூங்கவேண்டும் என்பதற்காகப் பிள்ளைகள் வெளியே போகவேண்டும். அம்மா விடியற்காலை தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போனால் மாலையில்தான் திரும்புகிறாள். ஊரில் என்றால் ஆச்சி இருப்பாள், சித்தப்பா இருப்பார், திண்ணையில் உட்கார்ந்தபடியே நாலு வீட்டுப் பிள்ளைகளைக் கண்காணிக்கும் பெரியவர் இருப்பார். இங்கே யார் இருக்கிறார்கள்? வளர்ந்த பையனுக்கு வீட்டுக்குள் கால் நீட்ட இடமில்லை. அவன் நாக்காவில் நிற்கிறான். அங்கே ஒரு மண்டல் இருக்கிறது, ஓர் அண்ணன் இருக்கிறான். இப்போது கையில் போன் இருக்கிறது. அதற்குள் முகம் தெரியாத ஆயிரம் அண்ணன்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் எடுத்த எடுப்பில் கொள்கை பேசுவதில்லை. முதலில் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறார்கள். "உன்னை யாராவது ஏதாவது சொன்னானா, சொல்லு, பார்த்துக்கலாம்" என்கிறார்கள். பத்தாம் வகுப்பில் தவறியவனை, நேர்காணலுக்குப் போய் முகவரியைச் சொன்னதுமே திருப்பி அனுப்பப்பட்டவனை, அப்பன் பெல்ட்டால் அடித்தவனைத் தேடிப்பிடித்து, 'நீதான் நம் இனத்தைக் காப்பாற்றப் பிறந்தவன்' என்கிறார்கள். வீட்டில் 'தண்டச்சோறு' என்று பெயர் வாங்கியவனுக்கு வெளியே 'வீரன்' என்று பெயர் கிடைக்கிறது. அவன் எந்தப் பக்கம் போவான்?

சோற்றுத் தட்டில் விழும் வார்த்தை

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சில நேரம் விதை வெளியிலிருந்து வருவதில்லை. நம் வீட்டிலேயே விழுகிறது.

நம் தாத்தாமார்கள் இந்த ஊரில் பட்ட பாட்டை நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். 1966இல் சிவசேனை தொடங்கிய காலத்தில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளப்பிய கூச்சலில், 'மதராசி' என்ற ஒரே சொல்லில் நம் எல்லாரையும் அடக்கினார்கள். உடுப்பி ஓட்டல்கள் கல்லடி பட்டன. வேட்டி கட்டியவர்கள் தெருவில் நடக்கப் பயந்த நாட்கள் அவை. கல்லடி பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கல்லெடுக்கமாட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் எரிந்தபோது என்ன நடந்தது? ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்குப்படி இரண்டு மாதத்தில் 900 பேர் மாண்டார்கள். அதன்பின் 1993 மார்ச் 12ஆம் தேதி தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர். எங்களில் பலர் அப்போது பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள். எந்தெந்த வீட்டு அண்ணன்கள் கூட்டத்தோடு ஓடினார்கள் என்பதை நாங்கள் பார்த்தோம். அவர்களில் தமிழ் பேசியவர்களும் இருந்தார்கள். எந்தெந்த வீட்டுத் தாய்மார்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்துச் சோறு போட்டார்கள் என்பதையும் பார்த்தோம். அவர்களிலும் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள்.

இரண்டு வீடுகளுக்கும் என்ன வித்தியாசம்? படிப்பில் இல்லை, வருமானத்தில் இல்லை. அன்றாடம் சாப்பிட உட்காரும்போது அந்த வீட்டில் என்ன பேசினார்கள் என்பதில்தான் இருந்தது. 'அவனுகளே இப்படித்தான்' என்று தகப்பன் தினமும் சொல்லும் வீட்டில் வளர்ந்த பிள்ளை, ஒருநாள் அந்த வார்த்தைக்குக் கைகால் முளைக்க வைக்கிறான். நாம் பேசினோம், அவன் செய்தான். பிறகு 'என் பிள்ளையா இப்படி' என்று நாம் தலையில் அடித்துக்கொண்டு என்ன பயன்?

கலவரத்துக்குப் பின் தாராவியில் ஒட்டுப் போடும் வேலையைச் செய்தவர்களும் சாதாரண மனிதர்கள்தாம். துணி தைக்கும் தொழில் நடத்திய வகார் கானும், பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற பாவு கோர்டேயும் சேர்ந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நாலு மதத்து உடுப்புப் போட்டு நிற்க வைத்துப் படமெடுத்தார்கள். 'நாம் எல்லாரும் ஒன்று' என்று இந்தியில் எழுதிச் சுவரொட்டியாக அடித்து ஊரெங்கும் ஒட்ட வைத்தார்கள். பிள்ளையின் கண்ணில் முதலில் என்ன படவேண்டும் என்பதை அந்த இருவரும் புரிந்திருந்தார்கள்.

தாய்மாமன் செய்த காரியம்

முதலில் சொன்னது நாம் தோற்ற கதை. தோற்காத கதை ஒன்றும் இருக்கிறது.

நம் பக்கத்துச் சந்தில் மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம். மகனுக்குப் பதினெட்டு வயது. திடீரென்று பையன் மாறினான். பொட்டல்புதூர் தர்காவுக்குப் போய்வந்த பாட்டியோடு பேசுவதை நிறுத்தினான். சுவரில் மாட்டியிருந்த பாட்டனார் படத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டான். சின்ன வயதிலிருந்து கூட விளையாடிய பையன்களை ஒரே நாளில் விட்டான். நடுராத்திரியில் போனில் யாரோ ஒருவனோடு பேச்சு. அந்த ஆளின் முகத்தை அவனே பார்த்ததில்லை. "சீக்கிரம் போயிருவேன், நீங்கள்லாம் பெருமைப்படுவீங்க" என்று தங்கையிடம் சொன்னான்.

தங்கைக்குப் பயம் வந்தது. உம்மாவிடம் சொன்னாள். வாப்பாவிடம் சொன்னால் அடி விழும், அடித்தால் பையன் அன்றைக்கே போய்விடுவான் என்று உம்மாவுக்குத் தெரியும். அவர் ஊருக்குப் போன் போட்டுத் தன் தம்பியை வரச் சொன்னார். மாமா மூன்றாம் நாள் வந்து இறங்கினார்.

வந்தவர் புத்திமதி சொல்லவில்லை. பதினைந்து நாள் பையன் பக்கத்திலேயே படுத்தார். ராத்திரி போன் வந்தால் எழுந்து உட்கார்ந்து, "யாருடா மாப்ள, எனக்கும் கொஞ்சம் கொடு, நானும் கேட்கிறேன்" என்றார். நாலைந்து நாளில் அந்தப் பக்கத்துப் போன் குறைந்தது. அதன்பின் பையன் வாயைத் திறந்தான். ரயில் நிலையத்தில் நூறு பேர் போகும்போது தன் பையை மட்டும் இரண்டு தடவை நிறுத்திக் கொட்டிப் பார்த்ததையும், வேலை கேட்டுப் போன இடத்தில் பெயரைக் கேட்டதும் 'இடமில்லை' என்றதையும் சொல்லி அழுதானாம். ஒரு வருஷமாக மனதில் வைத்திருந்தது. வீட்டில் யாரும் கேட்கவில்லை. போனில் இருந்தவன் கேட்டிருக்கிறான்.

மாமா அவனைக் கூட்டிக்கொண்டு நம் சங்கத்துக்கு வந்தார். இந்தத் தடவை நாங்கள் ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்தோம். தெரிந்த மருந்துக்கடை ஒன்றில் வேலைக்குச் சொன்னோம். மார்க்க விஷயமாக அவனுக்கு இருந்த கேள்விகளுக்கு நம்மால் பதில் சொல்ல முடியாது. பள்ளிவாசல் இமாம் பத்துப் பதினைந்து மாலைகள் அவனோடு பொறுமையாக உட்கார்ந்து பேசினார். இன்றைக்கு அவன் வேலைக்குப் போகிறான். ஐந்து வேளை தொழுகிறான். பாட்டியைத் தர்காவுக்குக் கூட்டிப் போவதில்லை, ஆனால் பேசுகிறான். அவனுடைய கோபம் போகவில்லை, போகவேண்டியதும் இல்லை. அநியாயத்தைக் கண்டு வருகிற கோபம் அது. சென்ற ஆண்டு நிலையத்தில் சோதனை என்ற பெயரில் நடக்கும் பாரபட்சத்தைக் கண்டித்து நாம் கொடுத்த மனுவில் முதலில் கையெழுத்துப் போட்டவன் அவன்தான்.

இதில் தாய்மார்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. தாடி வைப்பதோ தொழுகைக்குப் போவதோ தீவிரவாதம் இல்லை. திருநீறு பூசுவதோ சபரிமலைக்கு மாலை போடுவதோ, தேவாலயத்தில் விழித்திருந்து ஜெபிப்பதோ அப்படித்தான். பக்தியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பழகிய மனிதர்களை ஒவ்வொருவராக அறுத்துக்கொண்டு போகிறானா? ஒரே ஒரு குரலைத் தவிர வேறு யார் சொல்வதையும் கேட்க மறுக்கிறானா? எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பணமோ பொருளோ கையில் இருக்கிறதா? சாவைப் பற்றியும் சாகடிப்பதைப் பற்றியும் பெருமையாகப் பேசுகிறானா? இவற்றைக் கண்டால் அடிக்காதீர்கள், போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். அவன் யார் சொன்னால் கேட்பான் என்று யோசியுங்கள். மாமனோ அத்தையோ பழைய வாத்தியாரோ, கூடப் படித்தவனோ, யாராவது ஒருவர் இருப்பார்.

தகப்பன்மார்களுக்கும் ஒன்று. டூட்டி கடுமையானதுதான், நமக்குத் தெரியாததல்ல. ஆனால் ஓய்வு நாளில் ஒரு வேளையாவது பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மதிப்பெண்ணையும் சம்பளத்தையும் மட்டும் விசாரிக்காமல், இந்த வாரம் யாராவது உன்னை அவமானப்படுத்தினார்களா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்காவிட்டால் கேட்பதற்கு வெளியே ஆள் தயாராக நிற்கிறான்.

பயம் நியாயமானது

'எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு' என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் அதிகாரிகளும் தலைவர்களும் உண்டு. அவர்களோடு நாம் சேரமாட்டோம். குடும்பம் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தபின் எங்கே போய்ச் சொல்வது?

போலீசில் சொல்லலாமே என்பார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று நம் வீடுகளுக்குப் பயம் இருக்கிறது. அந்தப் பயம் ஆதாரமில்லாததல்ல. 2006 ரயில் குண்டு வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2015இல் தனி நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள். 2025 ஜூலை 21ஆம் தேதி பம்பாய் உயர்நீதிமன்றம், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று 12 பேரையும் விடுவித்தது. அவர்களில் ஒருவர் 2021லேயே சிறையில் இறந்துபோயிருந்தார். அரசு மேல்முறையீடு செய்ய, அந்தத் தீர்ப்பை முன்மாதிரியாகக் கொள்ளக்கூடாது என்று சில நாளில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளியே வந்தவர்களை மறுபடி சிறைக்கு அனுப்பவில்லை. பத்தொன்பது ஆண்டுகள்! 180 குடும்பங்களுக்கு மேல் தங்கள் பிள்ளைகளைக் கொன்றவர்கள் யார் என்ற பதில் கிடைக்கவில்லை. பன்னிரண்டு குடும்பங்களுக்குப் போன வயது திரும்பி வரவில்லை. இதைப் பார்க்கும் ஒரு தாய், தன் மகனைப் பற்றிய சந்தேகத்தை எப்படிப் போய் ஸ்டேஷனில் சொல்வாள்?

கல்யாண் பையன்களின் வீட்டார் காணவில்லை என்று தாங்களாகவே போலீசுக்குப் போனார்கள். அந்த நால்வரில் ஒருவன் 2014 நவம்பரில் திரும்பி வந்தான். அவனைத் திரும்பக் கொண்டுவருவதில் தகப்பனார் அதிகாரிகளோடு சேர்ந்து பாடுபட்டார். வந்ததும் கைது, வழக்கு. ஜாமீன் முடிவாகக் கிடைப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சட்டம் தன் வேலையைச் செய்யவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையை மீட்கத் தானாக முன்வரும் தகப்பனுக்கு அரசு என்ன உறுதி தருகிறது என்று கேட்கிறோம். யு.ஏ.பி.ஏ. சட்டத்தில் 2008 திருத்தத்துக்குப் பின் ஜாமீன் வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை வக்கீல்களைக் கேட்டால் சொல்வார்கள். குடும்பத்தின் முன்னால் இரண்டே கதவுகள்: ஒன்று மௌனம், மற்றது சிறை. மூன்றாவது கதவு வேண்டும்.

ஜெர்மனியில் 2012 ஜனவரியில் அரசு ஒரு தொலைபேசி ஆலோசனை நிலையத்தைத் திறந்தது. மகனோ மாணவனோ தீவிரவாதத்தில் போகிறானோ என்று பயப்படும் தாய் தகப்பன், ஆசிரியர் யாரும் அதில் பேசலாம். பிறகு அந்தந்த ஊரில் உள்ள ஆலோசகர்கள் குடும்பத்தோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். பணக்கார நாடு, செய்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்குத் தேவையானது ஒரு தொலைபேசியும் பொறுமையாகக் கேட்கிற ஆளும். மேலப்பாளையத்து மாமாவிடம் அதுகூட இல்லை. ஒரு பாயும் தலையணையும்தான் இருந்தன.

சங்கம் செய்யப்போவது

ஆகவே சென்ற செயற்குழுவில் நாங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் சங்க அலுவலகத்தில் மூன்று பேர் இருப்பார்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருப்பார். மூவரும் ஒரே மதத்தவராக இருக்கமாட்டார்கள். பிள்ளையைப் பற்றிப் பேச வருகிற தாயோ தகப்பனோ அக்காள் தங்கையோ, யாராக இருந்தாலும் உட்கார வைத்துக் கேட்பார்கள். பெயரை எழுதிக்கொள்ளமாட்டார்கள். நாக்காவில் போய்ப் பேசமாட்டார்கள். யார் பேசினால் பையன் கேட்பான், என்ன வேலை, எந்தப் படிப்பு, எந்த இமாம், எந்தப் பாதிரியார், எந்தப் பூசாரி என்று அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து யோசிப்பார்கள். வக்கீல் ஒருவர் மாதம் ஒருமுறை வருவார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். யாரையோ கொல்லவோ எங்கோ குண்டு வைக்கவோ ஏற்பாடு நடக்கிறது என்று தெரியவந்தால் அதை மறைக்க இந்தச் சங்கம் துணைபோகாது. அந்த நேரத்தில் போலீசுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாயைத் தனியாக அனுப்பமாட்டோம். வக்கீலோடு நாங்களும் கூடப் போவோம், கூட நிற்போம். சாகப்போகிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தாம்.

அரசிடம் நாம் கேட்பது இதுதான்: குற்றம் நடப்பதற்கு முன் தன் பிள்ளையைப் பற்றித் தானாக வந்து சொல்லும் குடும்பத்தைக் குற்றவாளிக் குடும்பமாக நடத்தாதீர்கள். வீட்டைச் சோதனை போட்டுச் சந்து முழுக்கத் தலைகுனிய வைக்காதீர்கள். தகப்பனின் வேலையைப் பறிக்க வழி செய்யாதீர்கள். ஒரு குடும்பத்தை இப்படி நடத்தினால், அதைப் பார்க்கும் நூறு குடும்பங்கள் வாயை மூடிக்கொள்ளும்.

தோழர்களே, தாய்மார்களே! நாம் ஊரை விட்டு வந்தது பிள்ளைகள் நன்றாக இருக்கவேண்டும் என்பதற்காக. மூன்று வீட்டில் பாத்திரம் தேய்ப்பதும் இரண்டு ஷிப்ட் பார்ப்பதும் அவர்களுக்காகத்தான். அந்தப் பிள்ளையை யாரோ ஒருவன், ஒரு போனுக்கும் ஒரு 'தம்பி'க்கும் வாங்கிக்கொண்டு போக விட்டால், இத்தனை பாடும் எதற்கு?

கண் போன அந்தத் தையற்காரர் இன்னும் அதே சந்து முனையில்தான் மெஷின் போட்டிருக்கிறார். ஊசியில் நூல் கோக்க மட்டும் போகிற வருகிற பிள்ளைகளைக் கூப்பிடுகிறார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஜாமீனில் வந்திருக்கும் பையன் அந்த வழியாகப் போவதைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறான். அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தவேண்டும் என்று அவன் தாய் சென்ற வாரம் நம்மிடம் கேட்டார். இந்த ஞாயிறு நாங்கள் அவர்களோடு போகிறோம்.